நித்திரை ஆராய வரப்போகும் தம்பிக்கு

இலண்டன்,
பெப்ரவரி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்தவனுக்கு நித்திரை ஆராய்ச்சியில் என்ன வேலை என்று அப்பா கேட்கிறாராம். நிறைய இருக்கிறது என்று சொல்லு. ஆனால் அது என்ன மாதிரி வேலை என்று தெரிந்துகொண்டு வா.

1996 மே மாதம் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியதும், ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைத்ததும், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியதும் அப்பாவுக்கு நினைவிருக்கும். வெயில் எழும்பும் நேரம் மாறவில்லை, பள்ளிக்கூட மணி மாறியது. அந்த இரண்டுக்கும் நடுவில் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, அரிசி மணியளவுகூட இல்லாத இரு முடிச்சுகள் இந்த உள்மணிக்கூட்டை ஓட்டுகின்றன. மனிதரில் அதன் சுற்று சராசரி 24.2 மணித்தியாலம். மிஞ்சும் நிமிடங்களைத் தினமும் திருத்துவது முக்கியமாக வெளிச்சம், அதிலும் 480 நானோமீற்றர் அலைநீளத்தை அண்டிய நீலம். கொழும்பில் பகலின் நீளம் வருடம் முழுக்க ஒரு மணித்தியாலம்கூட மாறாது. இங்கே டிசம்பரில் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு, ஜூனில் 16.5.

உள்மணிக்கூட்டை நேரே பார்க்க முடியாது. இரவு வருகிறது என்று உடம்புக்குச் சொல்லும் ஓமோன் மெலடோனின். மாலையில் அது ஏறத் தொடங்கும் நேரத்தை உமிழ்நீரில் பிடிக்கிறோம். வழமையாகப் படுக்கிற நேரத்துக்கு 5, 6 மணித்தியாலம் முந்தியே ஆளை மங்கல் அறையில் இருத்த வேண்டும். கண் மட்டத்தில் வெளிச்சம் 10 லக்ஸுக்குக் கீழே. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பஞ்சை வாயில் ஊறவைத்து எடுத்து, குழாயில் போட்டுச் சுழற்றி, சைபருக்குக் கீழே 20 பாகையில் உறையவைப்போம். மெலடோனின் மில்லிலீற்றருக்கு 3 அல்லது 4 பிக்கோகிராமைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. பெரும்பாலும் அது நித்திரைக்கு 2, 3 மணித்தியாலம் முந்தி வரும். கெடுவதற்கு வழிகள் அதிகம். கழிப்பறை லைற்றை ஒருவர் போட்டால் போதும், கைபேசித் திரையும் அப்படித்தான். தேத்தண்ணி, சொக்கலேற், வாழைப்பழம் கூடாது. பல் முரசில் இரத்தம் கசிந்தால் மாதிரியை எறிய வேண்டும். நோவுக்குப் போடும் இப்யூபுரூபனும் இரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டெனலோலும் மெலடோனினையே அடக்கிவிடும். அதனால் ஆளைச் சேர்க்கமுதல் குளிசைப் பட்டியலைக் கேள்.

உனக்குப் பொருந்துவது மூளை அலைப் பதிவு. தலையில் மின்வாய் ஒட்டமுதல் தோலை உரஞ்சித் துடைத்து, மின் தடங்கலை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எங்கட ஆக்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் அந்த இரவு வீண். முழுகிவிட்டு வரச்சொல். 8 மணித்தியாலப் பதிவை 30 செக்கன் துண்டுகளாக்கினால் 960 துண்டு. ஒவ்வொன்றும் நித்திரையின் எந்தக் கட்டம் என்று மனிதக் கண் பார்த்துத் தரம் பிரிக்கிறது. ஆள் வியர்த்தால் கோடு மெல்ல அலையும், 2 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஆழ்நித்திரை அலைபோலவே தெரியும். வெள்ளவத்தை வீட்டில் மின்விசிறி நின்ற இரவில் பதிவெடுத்தால் என்னவாகும் என்று யோசி. இதைப் பிரித்தறியும் நிரலை எழுதக்கூடியவரைத்தான் ஆய்வுகூடங்கள் தேடுகின்றன.

கைக்கடிகாரம்போலக் கட்டும் அசைவுமானி லேசு. அதிகம் பாவிக்காத கையில் இரண்டு கிழமை கட்டி, கூடவே நித்திரைக் கொப்பி எழுத வேண்டும். கழற்றி மேசையில் வைத்தால் நித்திரை என்று பதிந்துவிடும். குளிர்காலத்தில் சட்டைக் கை வெளிச்ச உணரியை மூடிவிடும்.

கலாநிதிப் பட்டத்துக்கு 3, 4 வருடம். பிறகு 2, 3 வருட ஒப்பந்தங்கள். நிரந்தர இடம் கொஞ்சம்தான். நித்திரையை ஆராய்கிறவருக்கே இரவு வேலை என்பதையும் அம்மாவுக்கு இப்பவே சொல்லிவை. குளிர்நாட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்றும் நினையாதே: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து இந்த உள்மணிக்கூட்டுத் துறையை வளர்த்தார்.

விண்ணப்பிக்கமுதல் புள்ளிவிபரவியலும் அதற்குப் பாவிக்கும் ஆர் (R) என்ற நிரல் மொழியும் படி. பெரியம்மா கேட்ட மெலடோனின் குளிசை இங்கே வைத்தியர் எழுதித் தராமல் வாங்க ஏலாது. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகும். அதற்குப் பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம், அதைப் பார்த்துக் கோல் எடு.

அன்புடன்,
அக்கா