எட்டாம் தெரிவைக் குறியுங்கள்: பள்ளி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்ட உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மொத்தத்தையும் உட்கார வைத்து, ராணுவத்தில் சேரத் தகுதி பார்க்கும் ஆஸ்வாப் (ASVAB) தேர்வை எழுத வைத்தது உங்களுக்குத் தெரிந்ததே. 'தொழில் வழிகாட்டித் தேர்வு, இலவசம்' என்றுதான் வீட்டுக்கு வந்த தாளில் இருந்தது. தேர்வு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது என்ற ஒரு வரிக்கு அந்தத் தாளில் இடமில்லாமல் போயிருக்கிறது. இப்போது பிள்ளைகளின் செல்பேசிக்கு ராணுவ ஆள்சேர்ப்பாளர்களின் அழைப்பு.

அழைப்பு வந்த வீடுகளில் பல, பள்ளி திறந்த உடனேயே, பிள்ளையின் விவரத்தை ராணுவத்துக்குத் தர வேண்டாம் என்னும் விலகல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தவை. பிறகு ஏன் அந்தப் படிவம் பயன்படவில்லை? கூட்டாட்சிக் கல்வி நிதி வாங்கும் பள்ளி, ராணுவம் கேட்டால் மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைத் தர வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தரக்கூடாது. ஆனால் அந்தத் தடை பள்ளி அலுவலகத்துப் பட்டியலோடு சரி. ஆஸ்வாப் விடைத்தாளிலோ மாணவரே தன் விவரங்களை எழுதிக் கையெழுத்தும் போடுகிறார். அது போய்ச் சேருவது பாதுகாப்புத் துறையிடம். வாசலைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

அதை மூட வழி இருக்கிறது. தேர்வு முடிவை என்ன செய்வது என்பதற்கு எட்டுத் தெரிவுகள் உண்டு. அதைக் குறிப்பது பள்ளி நிர்வாகம், மாணவரோ பெற்றோரோ அல்ல. முதல் தெரிவு என்றால் முடிவு ஆள்சேர்ப்பாளரிடம் போக எந்தத் தடையும் இல்லை. 2, 3, 4 என்றால் 60, 90, 120 நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆறாவது, தொலைபேசி அழைப்பை மட்டும் தடுக்கும். எட்டாவதில்தான் முடிவு மாணவரோடும் பள்ளி ஆலோசகரோடும் நின்றுவிடும். பள்ளி எதையும் குறிக்காவிட்டால் முதல் தெரிவாகவே கொள்வார்கள். எட்டைக் குறிக்கக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. ராணுவத்தில் சேர விரும்பும் மாணவருக்கும் நட்டமில்லை: மதிப்பெண் தாளைத் தானே எடுத்துக்கொண்டு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம். பள்ளிகள் எட்டையே குறிக்க வேண்டும் என்பதை மேரிலாந்து மாநிலம் 2010-இலேயே சட்டமாக்கிவிட்டது. எட்டாம் தெரிவைக் குறியுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

2022-இல் தரைப்படை தன் 60,000 பேர் இலக்கில் ஏறக்குறைய 15,000 பேர் குறைவாகத்தான் சேர்க்க முடிந்தது. அதை ஈடுகட்டுவது பள்ளி ஆலோசகர் அறையின் வேலையா? கல்லூரிக் கட்டணத்தை நினைத்து மிரளும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அழைப்பு இனிக்கத்தான் செய்யும். முதல்முறை சேரும்போது போடும் கையெழுத்து, ரிசர்வ் காலத்தையும் (தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படக்கூடிய காலம்) சேர்த்து, மொத்தம் 8 ஆண்டுக் கடப்பாடு என்பதை யார் முதலில் சொல்கிறார்கள்? ஈராக்கில் இருப்பதாக அமெரிக்க அரசு சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. போருக்கான பணம் மட்டும் தட்டாமல் கிடைத்தது. மாற்றுத்திறன் மாணவர்களின் கூடுதல் கல்விச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக 1975-இல் சொன்ன அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அந்த அளவை இன்றுவரை எட்டியதில்லை. பள்ளிக்கு என்று வரும்போதுதான் கஜானாவில் பணம் இருப்பதில்லை போலிருக்கிறது!

இவை உங்கள் அதிகாரத்துக்குள் இல்லை, அறிவோம். எட்டாம் தெரிவு உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிறது.

ஆகவே பணிவுடன் கேட்கிறோம்: மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும் இனி எட்டாம் தெரிவையே குறிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். தேர்வு யாருடையது, எழுதுவது கட்டாயமில்லை என்ற இரண்டையும் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். விலகல் படிவத்தைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிக்காமல், சேர்க்கைத் தாள்களின் மேலேயே வையுங்கள், குடும்பங்கள் பேசும் மொழிகளில். ஆள்சேர்ப்பாளருக்குச் சட்டம் தருவது கல்லூரிகளுக்கும் வேலை தருவோருக்கும் உள்ள அதே அனுமதி. மதிய உணவுக்கூடத்தில் நிரந்தர மேசை அல்ல.

தீர்மானத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறோம். இரண்டே வரி. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டால், பேச நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மாவட்டத்துப் பெற்றோர் சிலர்