தம்பி, அழுது அழுது மயங்குகிற பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசும்போது உன் குரலே நடுங்கிக்கொண்டிருந்தது, நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் நிதானமாக எழுதி வைக்கிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிற எனக்கு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடிவருகிற அப்பா அம்மாக்களைப் பார்ப்பது பழகிப்போன விஷயம். அவர்கள் வந்து சேர்வதற்குள் பிள்ளை பெரும்பாலும் விழித்துக்கொண்டு சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றவர்களுக்குத்தான் நடுக்கம் நிற்காது.

ரிமோட்டைப் பிடுங்கியதும் என் மருமகன் அழ ஆரம்பித்தான், அழுதுகொண்டே இருந்தவன் சட்டென்று சத்தமில்லாமல் போய், உதடு நீலமாகி, கண் செருகி, உன் கையிலேயே துவண்டுவிட்டான், அரை நிமிடத்தில் விழித்துக்கொண்டான் என்று சொன்னாய். கேட்டவரைக்கும் இது அழுகையில் மூச்சு அடைத்து வருகிற மயக்கம்தான். டாக்டர் சீட்டில் பிரெத் ஹோல்டிங் ஸ்பெல் என்று எழுதுவார். ஆனால் போனில் கேட்டு நான் முடிவு சொல்லக் கூடாது, முதல் தடவை என்பதால் டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். நூறு பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு இது வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கும், ஒன்று ஒன்றரை வயதில் அதிகமாக இருக்கும், நாலைந்து வயதில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். உனக்கோ அவன் அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்ததா என்று இரண்டு பக்கப் பாட்டிகளிடமும் கேட்டுப் பார், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பது சகஜம்.

தடுப்பூசி போடுகிற அறையில் இதை நான் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். ஊசி இறங்கியதும் பிள்ளை ஒரு தடவை வீறிட்டு அழும். அடுத்த அழுகைக்கு வாய் திறக்கும், சத்தம் வராது. வாய் திறந்தபடியே நிற்கும், உள்நாக்கு வரைக்கும் தெரியும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்காது. முதலில் உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூத்ததுபோல இருக்கும், பிறகு உதடே நீலமாகும். முதுகு பின்பக்கமாக வளைந்து உடம்பு விறைக்கும், இல்லாவிட்டால் அப்படியே தொய்ந்துவிடும், சில பிள்ளைகளுக்குக் கை கால் இரண்டு மூன்று முறை வெட்டி இழுக்கும். அதற்குள் உள்ளிருந்து ஒரு நீளமான இழுப்பு வரும், நெஞ்சு தூக்கும், உதட்டில் நிறம் திரும்பும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அம்மாவுக்கு அது ஒரு யுகம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உனக்குப் பாதி பயம் குறையும். அழும்போது பிள்ளை மூச்சை வெளியேதான் விடுகிறது. விட்டு முடித்த இடத்தில் திரும்ப உள்ளே இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, நினைவு தப்புகிறது. நினைவு தப்பியதும் மூச்சு தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். அவன் வேண்டுமென்று மூச்சைப் பிடிப்பதில்லை. நம் அம்மா 'எல்லாம் பிடிவாதம்' என்று சொன்னார்கள் இல்லையா, ஒன்றே கால் வயதுப் பிள்ளையால் பிடிவாதத்தால் மயங்க முடியாது, இதை அம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொல்.

சரி, மறுபடி வந்தால் என்ன செய்வாய்? தூக்கி வைத்திருந்தால் முதலில் கீழே இறக்கு. தரையில் பாய் மேல் படுக்க வை, தோளில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடாதே. நிமிர்த்தித் தூக்கிப் பிடித்தால் தலைக்கு ரத்தம் போவது இன்னும் குறையும், படுத்திருந்தால்தான் அதற்கு நல்லது. அப்புறம் ஒரு பக்கமாகத் திருப்பி விடு, எச்சிலோ வாந்தியோ வந்தால் வெளியே வழிந்துவிடும். கட்டில் கால், டீப்பாய் முனை எதுவும் தலையில் இடிக்காமல் பார்த்துக்கொள். உடனே கடிகாரத்தைப் பார். இதைத்தான் யாரும் செய்வதில்லை. டாக்டர் கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு நேரம் என்பதுதான், எல்லோரும் பத்து நிமிடம் என்பார்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல், அதைப் பார்த்தால் வலிப்பா மூச்சடைப்பா என்று டாக்டருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். நீ அவன் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிரு. அவ்வளவுதான். சும்மா இருப்பது கஷ்டம், தெரியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மயங்குகிற பிள்ளையைச் சுற்றி நிற்கிறவர்களின் அவசரமே சில சமயம் வினையாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா டம்ளரோடு ஓடிவந்து வாயில் தண்ணீர் ஊற்றினார் என்று சொன்னாய் பார், அதைக் கேட்டதும்தான் எனக்குப் பகீரென்றது. நினைவில்லாத பிள்ளையால் விழுங்க முடியாது, ஊற்றினது நுரையீரலுக்குள் போகும். தண்ணீர், பால், சர்க்கரைக் கரைசல், கோவில் தீர்த்தம், எதுவானாலும் நன்றாக விழித்து உன்னைப் பார்த்து அழுதபிறகுதான். பல்லுக்கிடையில் ஸ்பூன் வைப்பது, விரலை விட்டு நாக்கைப் பிடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம், பல் உடைந்து தொண்டைக்குள் போகும், உன் விரலும் கடிபடும். நாக்கை யாரும் விழுங்குவதில்லை. தோளைப் பிடித்து உலுக்கவும் கூடாது, சின்னப் பிள்ளையின் தலை கனம், கழுத்து பலவீனம், வேகமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியலாம். கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளங்காலைத் தட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு. வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் வைப்பதாலும், அம்மா செய்ததுபோலக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் மயக்கம் தெளியாது. அரை நிமிடத்தில் அவன் தானாக எழுந்துகொண்டதைச் சாவி எழுப்பியதாக அம்மா நம்புகிறார்கள். சில ஊர்களில் இன்னமும் வயிற்றில் சூடு போடுகிறார்கள், அப்படிப்பட்ட யோசனை யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடு. மந்திரிப்பது அம்மாவுக்கு ஆறுதல் என்றால் மந்திரிக்கட்டும், டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தபிறகு.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, மயக்கம் என்றாலே தானாகச் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதே. முன்னால் அழுகை இருந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. விழுந்து லேசாக அடிபட்டோ திடுக்கிட்டோ, அழக்கூட அழாமல் வெள்ளையாக வெளுத்துச் சாய்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இதயத்துடிப்பு சில நொடிகள் மந்தமாவதுதான் காரணம், அதுவும் பெரும்பாலும் ஆபத்தில்லை, அதையும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணமே இல்லாமல், விளையாடி ஓடிக்கொண்டிருக்கும்போது அல்லது தூக்கத்தில் மயங்கினால் அது வேறு கணக்கு, இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கலாம், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் இன்னும் அவசரம், இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். உடம்பு அனலாகக் கொதித்துக் கை கால் வெட்டினால் அது காய்ச்சல் வலிப்பாக இருக்கலாம், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருவது. அதற்கும் இதே ஒருக்களித்த படுக்கைதான், இதே கடிகாரம்தான், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை மயங்கினாலும், விழித்தபிறகு ஒரு கை ஒரு கால் அசையாவிட்டாலும், மந்தமாகவே கிடந்தாலும் காத்திருக்காதே.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சத்தமில்லாமல் நீலமானால் அது தொண்டையில் அடைத்தது, வேர்க்கடலையோ திராட்சையோ. அதற்கு நெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. தலையைத் தாழ்த்திப் பிடித்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளை என்பதால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளே மேல்நோக்கி ஐந்து அழுத்து, வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடு, தெரியாததைத் துழாவினால் இன்னும் ஆழமாகப் போய்விடும். அப்புறம் வீட்டில் இருக்கிற விஷங்கள். பூஜை அலமாரியில் திறந்து கிடக்கிற கற்பூரத்தைப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் சற்று நேரத்தில் வலிப்பு வரும், எங்கள் வார்டுக்கு வருகிற காரணங்களில் இதுவும் ஒன்று. அப்பாவின் சர்க்கரை நோய் மாத்திரைகளில் சில வகையில் ஒன்றே ஒன்று போதும், பிள்ளையின் ரத்தச் சர்க்கரை தரைக்கு இறங்கி மயங்கிவிடும். இன்றைக்கே இரண்டையும் உயரத்தில் எடுத்து வை.

இனி நடக்கவே கூடாதது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு நிமிடம் ஆகியும் மூச்சு வரவில்லை, கூப்பிட்டால் அசைவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை, அல்லது எப்போதாவது ஒரு முறை மீன் வாய் திறப்பதுபோல மட்டும் இழுக்கிறது என்றால், போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே நெஞ்சை அழுத்த ஆரம்பி. மல்லாக்கக் கடினமான தரையில் படுக்க வைத்து, நெஞ்சு நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்து. பிறகு தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயர்கிற அளவுக்கு 2 முறை ஊது. மறுபடி 30. வண்டி வரும்வரை அல்லது பிள்ளை அசையும்வரை. எழுத்தில் படித்தால் கைக்கு வராது, முதலுதவி வகுப்பு எடுக்கிற இடத்தில் பொம்மையில் அழுத்திப் பழகிவிட்டு வா, நீ மட்டும் இல்லை, பகலில் பிள்ளையோடு இருப்பது அம்மாதான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அம்மா கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார்கள், ஆனால் அவனுக்கு இரும்பு குறைந்திருக்கக்கூடிய இடம் ரத்தம். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு இந்த மூச்சடைப்பு மயக்கம் அதிகமாக வருகிறது, இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் பலருக்குக் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள்ளான இந்தியப் பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நம் தமிழ்நாட்டில் 57 சதவீதம். உன் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறானே என்று சொல்லாதே, பால் குடித்துக் கொழுத்த பிள்ளைகளுக்கும் இது வரும். நாலு புட்டி பால் போகிறது என்று பெருமையாகச் சொன்னாய். பசும்பாலில் இரும்புச்சத்து கிடையாது என்றே சொல்லலாம், வயிற்றை நிரப்பிச் சோற்றைத் தள்ளிவிடுகிறது, மற்ற சாப்பாட்டிலிருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குமேல் போகாமல் நிறுத்து, புட்டியை விட்டு டம்ளருக்கு மாற்று. முட்டை, பருப்போடு கீரை, கேழ்வரகு, வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) வேகவைத்து மசித்துக் கொடு, கூடவே ஒரு சுளை ஆரஞ்சோ இரண்டு சொட்டு எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீயைத் தொட்டுக்கூடக் காட்டாதே, அம்மா பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவது எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பைக் காட்டுவது) பார்க்கலாமா என்று கேள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம். இ.சி.ஜி. ஒன்று எடுத்துவிட்டால் நிம்மதி. கதையும் வீடியோவும் தெளிவாக இருந்தால் தலைக்கு ஸ்கேன், மூளை அலைப் பரிசோதனை எல்லாம் பொதுவாகத் தேவைப்படாது. விசாரிக்காமல் வலிப்பு மாத்திரை தொடங்கச் சொன்னால் இன்னொரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டு. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் இரு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அது வராமல் தடுக்கிற அளவு, குறைந்துபோனதை நிரப்ப எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்வார். சொன்ன காலம் முடியும்வரை கொடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. பாட்டிலை எட்டாத இடத்தில் வை, இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, அழவிட்டால் மயங்கிவிடுவானோ என்று பயந்து கேட்டதையெல்லாம் கொடுக்க ஆரம்பிக்காதே, எத்தனையோ வீடுகளில் பிள்ளை முனகினாலே போன் கைக்கு வந்துவிடுகிறது. கூடாது என்றால் கூடாதுதான். ஆனால் பசியும் தூக்கமும் சேர்ந்த நேரத்தில் சண்டைக்கு நிற்காதே, அழுகை ஏறுவதற்கு முன்பே கவனத்தைத் திருப்பு. விழித்தபிறகு திட்டவும் வேண்டாம், எல்லோரும் சுற்றி நின்று கொஞ்சவும் வேண்டாம், கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து விளையாட விட்டுவிடு. அவன் அம்மாவை யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள், நேற்று அவள் பின்னால் அழுதது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் டாக்டரைப் பார்த்துவிடு, ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. இந்த வாரம் எனக்கு இரவுப் பணி, மத்தியானம் இரண்டு மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அக்கா