நாணயச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு மடல்: நோட்டம் பார்க்க ஒரு மேசை போடுங்கள்

தமிழ்நாட்டில் நாணயச் சங்கங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், கண்காட்சிகளில் நடுவராக உட்காரும் மூத்த சேகரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் டீலர் கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, இருபது வருடத்துக்கு மேலாகக் காசு சேர்க்கிற ஆள். சந்தாவைத் தவறாமல் கட்டுகிறேன், கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுவிட்டுப் போகிறேன், வாயே திறந்ததில்லை. இப்போது கேட்பது ஒன்றுதான்: கண்காட்சியில் காசு அசலா போலியா என்று நோட்டம் பார்த்துச் சொல்ல ஒரு மேசை. இந்த மடலை எழுத வைத்தது ஒரு பையன்.

ஒரு கண்காட்சிப் போட்டி. ஊரும் சங்கமும் வேண்டாம், யாரையும் சங்கடப்படுத்த எழுதவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், தாத்தா வைத்துவிட்டுப் போன விக்டோரியா ரூபாய்களைப் பலகையில் அடுக்கியிருந்தான். எல்லாம் 1862. உங்களுக்குத் தெரிந்ததுதான், 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் 1874 வரை அதே ஆண்டு எண்ணோடு அடிக்கப்பட்டது. பம்பாய்க் காசுகளில் தேதிக்குக் கீழே இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் உண்மையில் எந்த வருடத்தில் அடித்தது என்று கணிக்கிறார்கள். அந்தப் பையன் ஒவ்வொரு காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, புள்ளிகளைப் பென்சிலில் பெரிதாக வரைந்து, பக்கத்தில் எடையும் எழுதி வைத்திருந்தான். அடுத்த பலகையில் எட்டு ஸ்லாப். வெளிநாட்டில் கிரேடிங் போட்டு, அதாவது காசின் நிலைக்கு எழுபதுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வாங்கி வந்த பிளாஸ்டிக் பெட்டிகள், மேலே பளபளப்பாக எண். நடுவர்கள் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ரசித்தார்கள், பரிசும் அங்கேதான் போனது, அது கூடப் பரவாயில்லை. போகிற போக்கில் ஒருவர் பையனிடம் சொன்னார்: "நல்ல முயற்சி தம்பி, அடுத்த தடவை கிரேடிங் போட்டு எடுத்துட்டு வா."

எங்கே போய்ப் போடுவான்? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத காசு தொல்பொருள். மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் சிறை வரைக்கும் போகும். திரும்பி வந்துவிடுமே, விற்கவா அனுப்புகிறோம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாதத்தை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் சொல்லிப் பார்க்கட்டும். 1862 ரூபாயை விடுங்கள், ஜார்ஜ் மன்னரின் 1911 ரூபாய், அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று புகார் வந்து திரும்பப் பெற்று உருக்கினார்களே, அதுவும் நூறைத் தாண்டிவிட்டது. நம் கூட்டத்தில் பெட்டி பெட்டி என்று பேசுகிற யாரும் இந்தச் சட்டத்தை ஒரு தடவையாவது மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

சரி, பெட்டிக்கு நான் விரோதி இல்லை. என்னிடமே நான்கு ஸ்லாப் இருக்கிறது, நான்கும் வெளிநாட்டுக் காசு. அது ஏன் பிறந்தது என்பதும் தெரியும். அமெரிக்காவில் டீலர்கள் வாங்கும்போது "தேய்ந்த காசு சார்" என்பார்கள், அதையே விற்கும்போது "புத்தம் புதுசு" என்பார்கள். (இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்.) அதற்கு முடிவு கட்டத்தான் 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற கிரேடிங் நிறுவனம் வேலையைத் தொடங்கியது, அடுத்த வருடம் என்.ஜி.சி. என்று இன்னொன்று வந்தது. விற்பவனும் இல்லாத வாங்குபவனும் இல்லாத மூன்றாம் ஆள் பார்த்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்து, தப்பானால் நஷ்டம் கொடுக்கிறேன் என்று பொறுப்பும் ஏற்றுக்கொண்டான். நல்ல ஏற்பாடுதான். நாளைக்கு நான் போய்விட்டால் என் பெண்டாட்டி பிள்ளைகளை எந்த டீலரும் ஏமாற்ற முடியாதபடி அந்த நாலு பெட்டி மட்டுமாவது தன் விலையைத் தானே சொல்லும். மீதிக் காசை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆனால் அந்த 70 என்கிற எண் எங்கிருந்து வந்தது என்று நம்மவர்கள் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஷெல்டன் என்கிற அமெரிக்கர் 1949-இல் தன் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்ட கணக்கு அது. மிக மோசமான காசு ஒரு டாலர் என்றால் அப்பழுக்கில்லாதது எழுபது டாலர் போகும், அவ்வளவுதான் விஷயம். அன்றைய ஒரு சந்தையில், ஒரே ஒரு வகைச் செப்புக் காசுக்கு இருந்த விலை விகிதம். அந்த விலை எல்லாம் எப்போதோ மாறிவிட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. புதுக் காசுக்கு அவர் வைத்ததே 60, 65, 70 என்று மூன்று படிதான். இன்றைக்கு 60-க்கும் 70-க்கும் நடுவே ஒவ்வொரு எண்ணும் ஒரு படி. 64-க்கும் 65-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பணத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் 64 வந்தவன் பெட்டியை உடைத்து 65 வருமா என்று மறுபடி அனுப்புகிறான், சில சமயம் வந்தும் விடுகிறது. 2007-இல் இன்னொரு நிறுவனம் வந்து, பெட்டியில் போட்ட மதிப்பெண் சரிதானா என்று பார்த்து, மேலே பச்சை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தது. நோட்டக்காரனுக்கு ஒரு நோட்டக்காரன். அங்கேயே இந்தக் கதை என்றால், நாம் ஏன் அதைத் தேவவாக்காக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நம் காசு பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். செப்புக் காசு கையில் கிடைத்தால் நம் பாட்டி முதலில் என்ன செய்வாள்? புளியைப் போட்டுத் தேய்ப்பாள். வெள்ளி என்றால் திருநீறு. குத்துவிளக்கு துலக்குகிற அதே கையோடு விக்டோரியா ராணியையும் துலக்கி, வெள்ளிக்கிழமை பூஜைத் தட்டில் வைத்து, குங்குமமும் இட்டுவிடுவாள். பாதி ரூபாய்கள் காசுமாலையில் தொங்கிய காசுகள், வளையம் பற்ற வைத்து, பிறகு எடுத்து, விளிம்பில் தழும்பு. கம்பெனி ரூபாயில் சராப்புக்காரர்கள் அடித்த சின்னச் சின்ன முத்திரைகள், இந்தக் காசை நான் சோதித்துவிட்டேன், வெள்ளி நல்ல வெள்ளி என்பதற்கு அந்தக் காலத்துக் கையெழுத்து. இவை எல்லாவற்றையும் கிரேடிங் மேசையில் வைத்தால் பெரும்பாலும் மதிப்பெண்ணே கிடையாது. சுத்தம் செய்யப்பட்டது, சேதமுற்றது என்று ஒரு குறிப்போடு வரும், நம் ஆட்கள் அதைப் பெயில் ஆன மார்க் ஷீட் மாதிரி அலமாரியில் ஒளித்து வைப்பார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயம் உண்டு. 1808 என்று ஆண்டு போட்ட பத்து காசு, இருபது காசு, சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காம் பக்கத்தில் போல்ட்டன் என்பவரின் சோஹோ நாணய ஆலையில் அடித்தவை. அதை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல் திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறார்கள். உப்பு அரித்துக் குழி விழுந்த காசுக்கு, கப்பல் உடைந்து கடலில் கிடந்தது என்று பெட்டிச் சீட்டிலேயே பெருமையாக அச்சிடுகிறார்கள், அதற்கென்றே தனி விலை. அதே 1808 காசு சென்னைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்து, கடைத்தெருவில் புழங்கி, கும்பகோணத்தில் ஒரு ஆச்சி புளி போட்டுத் தேய்த்திருந்தால் அது சேதமுற்ற காசு. கடல் அரித்தால் சரித்திரம், ஆச்சி தேய்த்தால் குற்றம்!

இன்னும் பழையதற்குப் போவோம். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சிப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்களா, வேறு எதற்காகவா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெட்டுதான் அந்தக் காசுகள் நம் மண்ணில் என்ன பாடுபட்டன என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி. அதையும் பழுது என்று பெயரிட்டு மதிப்பெண் குறைக்கிற அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

பெட்டி போட்டால் போலி இல்லை என்ற உறுதியாவது கிடைக்குமே என்பீர்கள். 1862 ரூபாய்க்கு அது சரி. ஆனால் பழங்காலக் காசுகளுக்கு என்.ஜி.சி. வைத்திருக்கும் பிரிவு, தாங்கள் உண்மையென்று நம்பும் காசை மட்டும் அடைத்துத் தந்தது, உண்மையானது என்பதற்குப் பல வருடம் உத்தரவாதம் தந்ததில்லை. அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருந்தார்கள். சங்ககாலச் செம்பும் ரோமக் காசும் சேர்க்கிறவனுக்கு வேண்டியதே அந்த ஒன்றுதான். பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், உண்மையான சான்றிதழ் எண்ணைத் திருடி அச்சிட்டு. எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும், படத்தையும் காசையும் கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டால்தான் மாட்டும். உள்நாட்டிலேயே பெட்டி போடலாமே என்றால், தாராளமாகப் போடலாம். தப்பானால் பணம் யார் தருவது என்பதை மட்டும் முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் 1939 ரூபாய் ஒன்று வாங்கினேன். பம்பாய், பழைய தர வெள்ளி, கிடைப்பதற்கு அரிதான காசு, விலையைச் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். விற்றவர் வெல்லமாகப் பேசினார். எடை 11.66 கிராம், காந்தம் ஒட்டவில்லை, தட்டினால் கணீரென்றது. எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து நுண்ணோக்கியில் பார்த்தால் கடைசி 9-ஐச் சுற்றி மட்டும் களம், அதாவது காசின் வெற்றுப் பரப்பு, லேசாகத் தணிந்திருந்தது. 8-ஐச் செதுக்கி 9 ஆக்கியிருந்தார்கள். காசு அசல், வெள்ளி அசல், ஆண்டு மட்டும் பொய். திருப்பிக் கேட்டபோது "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க சார்" என்றார், அதோடு கதை முடிந்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் இந்த வித்தையை ஒரே பார்வையில் பிடிக்கக்கூடிய பெரியவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருந்தார்கள். மேடையில் பொன்னாடை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் காசைப் பார்க்க அவர்களுக்கு ஒரு இடமும் இல்லை, கேட்க எனக்கு ஒரு வழியும் இல்லை.

நான் கேட்பது அந்த இடத்தைத்தான். மண்டபத்தில் நாற்பது விற்பனை மேசை போடுகிறீர்கள், வாடகை வாங்குகிறீர்கள், நல்லது. நாற்பத்தோராவதாக ஒரு மேசை போடுங்கள். ஒரு மின்னணுத் தராசு, ஒரு காலிப்பர், நல்ல வெளிச்சத்தோடு ஒரு நுண்ணோக்கி, முறை வைத்து இரண்டு மூத்தவர்கள். எதையும் விற்கக் கூடாது, விலையும் சொல்லக் கூடாது. காசைப் பார்த்து, எடை இவ்வளவு, விட்டம் இவ்வளவு, விளிம்பு இப்படி, எங்கள் கருத்தில் அசல், அல்லது வார்ப்புப் போலி, அல்லது சந்தேகம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காசின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தேய்த்தது, வளையம் இருந்தது, சராப்பு முத்திரை இருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள், குறையாக அல்ல, குறிப்பாக. வழக்கு கிழக்கு என்று வருமே என்று பயப்படுவீர்கள். கருத்துதான், உத்தரவாதம் இல்லை என்று கீழே ஒரு வரி போடுங்கள், பழங்காசுக்குப் பெரிய நிறுவனமே பல வருடம் அதைத்தானே செய்தது.

நமக்கு இது புது வேலையா என்ன? காசு சோதிக்கிறவனுக்கு வண்ணக்கன் என்று தனிப் பெயர் வைத்திருந்த மொழி இது, சங்கப் புலவர்களில் சிலர் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் நோட்டக்காரர் என்றோம், நோட்டம் பார்ப்பது என்றோம். இன்றைக்கு "நோட்டம் விடுகிறான்" என்றால் திருட வந்தவன் என்று அர்த்தமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

டீலர்களுக்கு மேசை கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போடுங்கள்: ரசீதில் காசின் விவரம் எழுத வேண்டும், நோட்ட மேசையில் போலி என்று தெரிந்தால் அன்று மாலைக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். நேர்மையாக விற்கிறவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவர்களில் பலர் இப்போதே அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம், போட்டி விதிகளைத் திருத்துங்கள். பெட்டிக்குத் தனி மதிப்பெண் கூடாது. நூறு வருடம் தாண்டிய இந்தியக் காசு வெளிநாட்டுப் பெட்டியில் இருந்தால், அது எப்படிப் போய் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுப் பலகையில் ஏற்றுங்கள். வெளிநாட்டு ஏலத்தில் பெட்டியோடே வாங்கியிருந்தால் ரசீது இருக்கும், காட்டட்டும்.

அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன். அவன் இன்னும் ரூபாய்களை விற்கவில்லை, பி.வி.சி. ஆல்பத்தில் வைத்திருந்தான், பச்சைப் பிசின் பிடிக்கும் என்று சொல்லி காசைக் கெடுக்காத மைலார் உறை கொஞ்சம் கொடுத்து அனுப்பினேன். அடுத்த கண்காட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

மேசை போடுவதாக இருந்தால் தராசும் நுண்ணோக்கியும் நானே கொண்டு வருகிறேன், காலையிலிருந்து மாலை வரை உட்காரவும் தயார், மூத்தவர்கள் சொல்வதை எழுதிக்கொடுக்க ஒரு குமாஸ்தாவாக. பிளக் பாயின்ட் பக்கத்தில் இடம் கொடுங்கள், போன தடவை மண்டபத்தின் அந்த மூலையில் வெளிச்சமே இல்லை.