ரதீந்திரநாத்தின் மரப்பெட்டி

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சேது வீட்டு விவகாரம் அடுத்த கடிதத்தில். இப்போது சாந்திநிகேதன் போய்வந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

தாகூரைப் பற்றித்தான் ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, அவர் மகன் ரதீந்திரநாத்தைப் பற்றி. அந்தப் பேரை எடுத்தாலே நீ லண்டன் கதையை அவிழ்த்துவிடுவாய்: 1912இல் கீதாஞ்சலி மொழிபெயர்ப்பு இருந்த பெட்டியைச் சுரங்க ரயிலில் விட்டுவிட்ட கதை. தொலைந்த பொருள்கள் அலுவலகத்துக்குப் போய் அதை மீட்டதும் அவர்தான், அதையும் சேர்த்துச் சொல்லேன்டா!

அவர் செய்த மரப்பெட்டி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பு, தேன்நிறம், வெளிர்மஞ்சள் என்று பலவகை மரத்துண்டுகளை இழைத்துப் பதித்து ஒரு பூ. மரத்தின் ரேகையே இதழின் நரம்பாக ஓடுகிறது. இணைப்பு எங்கே என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. அங்கே தாகூர் குடும்பம் வாழ்ந்த உத்தராயண வளாகத்தில் குகை மாதிரி ஒரு சின்ன வீடு, குகாகர். அதுதான் அவருடைய பட்டறை. அதன் மேலேயே மனைவி பிரதிமா தேவி படம் வரைந்த அறை, 'சித்ரபானு'.

1906இல் விவசாயம் படிக்க அப்பா அவரை அமெரிக்காவில் இல்லினாய்க்கு அனுப்பினார். 1909இல் திரும்பி, குடும்ப ஜமீன் இருந்த ஷிலைதஹாவில் பண்ணை வைத்து மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தவரை, சாந்திநிகேதன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். போனார். அப்புறம் கணக்கு, கட்டடம், பணக்கவலை, அப்பாவின் வெளிநாட்டுப் பயணங்கள். இதற்கு நடுவில் தோல்வேலையைக் கற்று, பிரதிமாவோடு சேர்ந்து, பக்கத்திலேயே தாகூர் தொடங்கிய கிராம மேம்பாட்டு மையமான ஸ்ரீநிகேதனில் மற்றவர்களுக்கும் பழக்கிவிட்டார். பிரதிமா இளவயதிலேயே கணவனை இழந்தவர். 1910இல் நடந்த அவர்கள் கல்யாணம்தான் அந்தக் குடும்பத்தில் முதல் விதவைத் திருமணம்.

அப்பாவின் நிழலில் வாடிப்போனவர் என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடிய கைக்கு அந்தப் பூ வராது. என் ஆதங்கம் வேறு, மூர்த்தி. அந்தக் கைக்கு நேரமே கொடுக்கப்படவில்லை. 1951இல் சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் அவர்தான். 1953இல் அதை விட்டு டேராடூன் போய்விட்டார். அங்கேதான் மரமும் தோட்டமும் ஓவியமுமாக இருக்க முடிந்தது. கலைஞர் குடும்பத்தில் பிறந்தேன், அறிவியல் படித்தேன், செய்ததோ செருப்புத் தைப்பவர் வேலையும் தச்சுவேலையும் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் பெருமைதான் கேட்கிறது.

1961 மே மாதம் நாடே தாகூர் நூற்றாண்டைக் கொண்டாடியது. ஜூன் 3ஆம் தேதி மகன் போய்ச் சேர்ந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

1958இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஷிலைதஹா பகுதியை முதலில் படி. உன் பையன் மரம் இழைக்கப் பழகுகிறான் என்று எழுதியிருந்தாயே, உள்ளே அந்தப் பெட்டியின் படம் இருக்கிறது, அது அவனுக்கு.

அன்புடன்,
சந்துரு