சாய்ந்த மாமரத்தைத் தூக்கிக் கொடுத்தவர்களுக்கு

காவேரிப்பட்டணத்து சொந்தங்களுக்கு வணக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் ஆசை, முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன கோடைமழைச் சூறைக்காற்றில் சாய்ந்த பெங்களூரா மாமரத்தை விறகுக்குப் போடாமல், "ஆசாரி, உங்களுக்கு ஆகுமா பாருங்க" என்று கூப்பிட்டுக் கொடுத்த தோட்டக்கார அண்ணனுக்கு முதல் நன்றி. டிராக்டரில் ஏற்றி இறக்கிய பையன்கள் 6 பேரும் டீ மட்டும்தான் குடித்தார்கள்.

40 வருஷம் கதவும் ஜன்னலும் செய்தேன். மேஸ்திரி சொன்ன அளவு, வீட்டுக்காரர் கேட்ட டிசைன். வேலையை விட்ட பிறகுதான் என் இஷ்டத்துக்கு எதையாவது கடைந்து பார்க்கணும் என்று தோன்றியது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில், மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்குகிற கடைசல் மெஷின் செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைத் தம்பி, மூன்று தரம் புல்லி மாற்றியும் முகம் சுளிக்கவில்லை.

முதலில் கடைந்த நாலு கிண்ணத்தையும் நானே கெடுத்தேன். பச்சை மரத்தை மெல்லிசாகக் கடைந்து ஃபேன் காற்றில் வைத்துவிட்டேன், காலையில் பார்த்தால் நாலும் விளிம்பிலிருந்து வெடித்துக் கிடந்தன. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கட்டில் கால் கடைகிற பெரியவர்தான் வந்து பார்த்துவிட்டு, "ஒரு அங்குலக் கனம் விட்டுக் கடை, அந்த மரத்துச் சுருளையே போட்டுச் சாக்கில் கட்டி நிழலில் வை, நாலைந்து மாசம் தொடாதே" என்றார். மெதுவாகக் காய்ந்தால் மரம் வெடிக்கிறது குறையும், முட்டை மாதிரிக் கொஞ்சம் கோணும், மறுபடி கடைந்து வட்டமாக்கிக்கொள்ளலாம்.

பொங்கல் கழித்துச் சாக்கை அவிழ்த்தேன். 11 கிண்ணத்தில் 9 முழுசாக இருந்தன. இரண்டாவது கடைசலில், வெளிர் மஞ்சள் மரத்துக்குள்ளே பேனாவால் கிழித்த மாதிரிக் கறுப்புக் கோடுகள் வந்தன. பூஞ்சை ஏறின மரத்தில் அப்படி வரும். ஜன்னல் வேலையில் அந்த மாதிரிப் பலகைகளை எத்தனை தள்ளிவைத்திருக்கிறேன்! இப்போது அந்தக் கோடு எங்கே திரும்புகிறது என்று பார்க்கவே உளியை மெதுவாக விடுகிறேன்.

பூச்சுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தேன்மெழுகு கொண்டுவந்த மாப்பிள்ளைக்கும், அதை அடுப்படியில் உருக்க விட்ட, வீடெல்லாம் மரத்தூளாய்க் கிடந்தும் ஒரு வார்த்தை சொல்லாத என் வீட்டம்மாவுக்கும் அடுத்த சாக்கில் உண்டு. இந்த 9 கிண்ணமும் தோட்டக்கார அண்ணனுக்கு, பெரியவருக்கு, பட்டறைத் தம்பிக்கு, டிராக்டர் பையன்களுக்கு. சாயங்காலத்தில் வாருங்கள், வீட்டில்தான் இருப்பேன். கடலை, பொரி, பழம் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரில் மட்டும் ஊறப்போட்டுவிடாதீர்கள்.