ஜிக்சோ வாளைக் கடைகள் பலகை அறுத்துக் காட்டி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

முன்பெல்லாம் தச்சுத் தொழிலாளர் மட்டுமே கேட்டு வாங்கிய ஜிக்சோ என்ற மின்வாளை இப்போது என்னைப் போன்ற ஓய்வூதியர்களும், பிள்ளைகளின் பாடசாலைச் செய்முறை வேலைகளுக்குக் கைகொடுக்கும் பெற்றோரும் வீட்டுத் தேவைக்கென வாங்கத் தொடங்கியிருக்கின்றனர். நவராத்திரிக்குக் கொலுப்படியின் ஓரத்தை வளைவாக எடுப்பது, நத்தாருக்குப் பாலன் குடில் செய்வது, சமையலறைப் பலகையில் பேசின் இறங்குவதற்கு இடம் வெட்டுவது என நேர்கோட்டில் அமையாத வேலைகளுக்கு இதைவிட வசதியான சிறு கருவி இல்லை. ஆயினும் விளம்பரங்களிலும் கடை மேசையிலும் இக்கருவியைப் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான்; அது எத்தனை வாற் என்பது. அந்த எண்ணை நம்பிப் பணத்தை இழந்தவன் என்ற முறையில், வாங்கும் முன் பார்க்க வேண்டியவை வேறு என்பதையும், அவற்றைப் பார்ப்பதற்குக் கடைகள் இடந்தர வேண்டும் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் முதலில் வாங்கியது, 800 வாற் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த ஒரு கருவி. பூசையறை மாடத்துக்கு முகப்பு வளைவு எடுப்பதற்காக ஒன்றரை அங்குல முதிரைப் பலகையில் அதை ஓட்டினேன். மேற்பக்கத்தில் வாளின் அலகு கோட்டின் மீதே சென்றது. பலகையைப் புரட்டிப் பார்த்தபோதோ அடிப்பக்க அறுப்பு கால் அங்குலம் விலகியிருந்தது. ஆண்டுக்கணக்காகக் காயவைத்துப் பாதுகாத்த முதிரை விறகாயிற்று. திறந்த பெட்டியை மீளப் பெறுவதில்லை என்று சொன்ன கடைக்காரர், நான் அழுத்தித் தள்ளியதே காரணம் என்றும் சொன்னார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் தச்சர். எஞ்சிய துண்டிலேயே, தமது பழைய 450 வாற் கருவியைக் கொண்டு அதே வளைவை நிதானமாக எடுத்துவிட்டு, "சேர், தள்ளாதீங்க; அறுக்கிறது பல்லு, கை இல்லை" என்றார். பிறகு என் கருவியின் அலகை இரு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடும் பல்லைப் போல அது பக்கவாட்டில் அசைந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளக் கருவி பிறந்த கதை உதவும். சுவிற்சர்லாந்தின் சிந்திலா என்ற நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த அல்பேர்ட் கௌஃப்மன், 1946 ஆம் ஆண்டில் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு வாள் அலகொன்றைப் பொருத்திப் பார்த்ததிலிருந்தே ஜிக்சோ தோன்றியதென்பர். தையல் ஊசியைப் போலவே இதன் அலகும் மேலே மட்டும் பிடிக்கப்பட்டு, கீழ் நுனி பிடிப்பின்றி மேலும் கீழும் ஓடுகிறது. ஆகவே பலகை தடிப்பாகும்போது அந்த நுனி மரநாரின் போக்கில் விலகிச் செல்வது இயல்பு. அதைத் தடுப்பவை, அலகைப் பிடிக்கும் இடுக்கியின் இறுக்கமும், அலகின் முதுகைத் தாங்கும் சிறு உருளையும், பலகை மீது தட்டையாக அமரும் அடித்தட்டுமே. வாற் எண் கூடுவதால் இம்மூன்றில் ஒன்றும் மேம்படுவதில்லை. பெட்டியில் 65 மில்லிமீற்றர் மரத்தை அறுக்கும் என்று போட்டிருந்தாலும், வீட்டுப் பாவனையாளர் அதில் பாதியையே எல்லையாகக் கொள்வது நல்லது என்பது என் எண்ணம். முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் அதனினும் குறைவாகவே கொள்ள வேண்டும்.

கருவியைவிட அலகைப் பற்றியே நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அலகின் மேல்நுனி ஆங்கில ரி (T) எழுத்தின் வடிவில் அமைந்தது ஒரு வகை. யூ (U) வடிவில் திருகாணியால் இறுக்கப்படுவது பழைய வகை. இன்று வெளிவரும் நல்ல அலகுகளில் பெரும்பாலானவை ரி வகையைச் சேர்ந்தவையாதலால், யூ வகை மட்டும் ஏற்கும் கருவி எவ்வளவு மலிவாயினும் அதைத் தவிர்க்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது பற்களை. ஓர் அங்குலத்தில் ஆறு பல் உள்ள, ரி 144 டி என்ற குறியீடு பொறித்த அலகு விரைவாக அறுக்கும், ஆனால் ஓரத்தைக் கரடுமுரடாக்கும். பத்துப் பல் உள்ள ரி 101 பி மெதுவாகச் சென்று, அரத்தாளால் தேய்க்கும் வேலையை மிச்சப்படுத்தும். ஒடுங்கிய வளைவுகளுக்கு அகலங்குறைந்த ரி 101 ஏஓ இருக்கிறது. தகரத்துக்கும் மெல்லிய இரும்புத் தகட்டுக்கும் ரி 118 ஏ போன்ற நுண்பல் அலகு வேண்டும். தகட்டின் தடிப்புக்குள் எப்போதும் இரண்டு பற்களாவது பதிந்திருக்க வேண்டும், இல்லாவிடில் பல் தகட்டைக் கவ்வி உடைந்துபோகும். மரத்துக்கான அலகு உயர் காபன் உருக்காலும், இரும்புக்கானது அதிவேக உருக்காலும் செய்யப்படுவதால், ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் பாவிப்பது அலகை வீணாக்கும் வழியன்றி வேறில்லை. பெட்டியோடு இலவசமாக வரும் ஓர் அலகை வைத்துக்கொண்டு மரம், தகரம், பிளாஸ்ரிக் அனைத்தையும் அறுத்துவிட்டு, கருவி சரியில்லை என்று குறைகூறுவோரை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

சாதாரண அலகின் பற்கள் மேல்நோக்கியவை. ஆகவே சிராய் எழும்புவது மேற்பக்கத்தில். கண்ணில் படவேண்டிய நல்ல பக்கத்தைக் கீழே வைத்துப் பின்பக்கத்தில் கோடு போட்டு அறுத்தால் பிளைவூட்டும் மெலமைன் பலகையும் அழகாக வரும். மேலிருந்தே அறுக்க நேரும் பேசின் துளை போன்ற வேலைக்குக் கீழ்நோக்கிய பற்கள் கொண்ட ரி 101 பிஆர் உண்டு. அது கருவியை மேலே தூக்கப் பார்க்குமாதலால் அடித்தட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை சிறியது. அலகைப் பூட்டி ஆட்டிப் பார்க்கலாம். அடித்தட்டின் மீது செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து அலகு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கலாம். அடித்தட்டு வார்ப்பு உலோகமா, விரலுக்கே வளையும் தகரமா என்று தடவிப் பார்க்கலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இன்றியமையாதது, ஏனெனில் இரும்பையும் பிளாஸ்ரிக்கையும் மெதுவாகவே அறுக்க வேண்டும். வேகம் கூடினால் இரும்பில் பல் கருகும், பிளாஸ்ரிக் உருகி ஒட்டிக்கொள்ளும். அலகை முன்னும் பின்னும் அசைக்கும் ஊசல் அசைவுக்குப் பூச்சியம் முதல் மூன்று வரை படிநிலைகள் உள்ள கருவி கிடைத்தால் நல்லது. தடித்த மென்மரத்துக்கு இரண்டோ மூன்றோ, தகட்டுக்கும் மெல்லிய பலகைக்கும் பூச்சியம். சிறு கருவிகளில் அலகின் ஓட்டம், அதாவது அது மேலிருந்து கீழ்வரை செல்லும் தூரம், ஏறக்குறைய 18 மில்லிமீற்றர், பெரியவற்றில் 26 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஓட்டம் நீளமாயின் மரத்தூள் நன்கு வெளியேறி அலகு சூடேறுவது குறையும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த கருவிகளை வாங்குவோர் அவற்றின் மீதுள்ள விவரத் தகட்டைப் படிக்க வேண்டும். யப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற், அமெரிக்காவினுடையது 120 வோல்ற். அவற்றை நமது 230 வோல்ற் சொக்கற்றில் நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். பற்றரிக் கருவிகளில் 18 வோல்ற் என்றும் 20 வோல்ற் என்றும் இரு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் ஐந்து கலங்களைத் தொடராகக் கொண்ட ஒரே அளவுதான், ஒன்று சராசரியையும் மற்றது முழுமையாக மின்னேற்றிய நிலையையும் குறிக்கிறது. 20 என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. அதே பற்றரியைப் பாவிக்கும் துளைகருவி ஏற்கெனவே வீட்டில் இல்லாதவர்களுக்கு, வயர் உள்ள கருவியே போதும் என்பேன்.

நீண்ட நேர்கோட்டு அறுப்பை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்; கட்டாயமாயின் ஒரு நேரான சட்டத்தைப் பலகையோடு இறுக்கி அதன் ஓரமாக ஓட்டலாம். கண்ணாடியும் முகமூடியும் இன்றி இதைத் தொடக்கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை இந்த வாளால் அறுப்பதை எங்கள் அயலிலேயே கண்டிருக்கிறேன். அந்தத் தூள் சுவாசப்பையில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படுவது. அதை எவரும் செய்யக்கூடாது.

இனி என் வேண்டுகோள். ஜிக்சோ விற்கும் நகரக் கடைகள் மேசையோரத்தில் ஒரு துண்டுப் பலகையையும் ஒரு சொக்கற்றையும் வைத்து, வாங்குபவர் ஓரடி அறுத்துப் பார்த்த பின் பணம் பெறும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். அலகுகளை ஐந்து கொண்ட பொதியாக மட்டுமன்றித் தனித்தனியாகவும், எது மரத்துக்கு, எது இரும்புக்கு என்று தமிழில் எழுதிய சிறு அட்டையோடும் விற்க வேண்டும். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வந்து கருவி வாங்கிச் செல்பவர், அலகு ஒன்று ஒடிந்ததும் மீண்டும் ஒரு நாளைச் செலவிட்டு நகருக்கு வந்து, இங்கும் அது இல்லையென்று திரும்பிச் செல்வதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. நமது கடற்கரை உப்புக்காற்றில் அலகுகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதற்காகக் கடைகள் அவற்றைக் கையிருப்பில் வைக்கத் தயங்கக்கூடும். சற்று எண்ணெய் பூசி மூடிய ரின்னில் வைத்தால் என் வீட்டில் அவை இரண்டு மழைக்காலங்களைக் கடந்தும் கெடாமல் இருக்கின்றன. தங்கள் பத்திரிகையில் மின்கருவி விளம்பரம் கொடுப்போரும் வாற் எண்ணோடு அலகு வகை, ஓட்டத்தின் நீளம், வேகக் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு தாங்கள் கேட்டுக்கொண்டால், அதற்கு இரண்டு வரிகளுக்கு மேல் இடம் தேவைப்படாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.