ஃபேக்ஸ் கட்டத்தில் இருந்தது ஃபேக்ஸ் எண் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கப் புதிய மென்பொருளுக்கு மாறும் அலுவலகங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஊழியர்கள் மாற்றத்தை விரும்புவதில்லை, அதனால்தான் இந்த வேலைகள் இழுபடுகின்றன என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆலோசனையும் உதவியும் தேடி வருபவர்களுக்கான ஒரு சேவை நிறுவனத்தில் பதிவுப் பிரிவில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். வருபவரிடம் முதலில் பேசி, அவர் சொல்வதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இந்த ஆண்டுகளில் இரண்டு முறை மென்பொருள் மாறியது. முதல் முறை நடந்ததைச் சொன்னால் நான் ஏன் வருத்தப்படுகிறேன் என்று புரியும்.

எங்கள் பழைய சிஸ்டத்தில் முகவரிப் பக்கத்தின் கீழே 'ஃபேக்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களிடம் வருபவர்கள் யாரிடமும் ஃபேக்ஸ் கிடையாது. ஆனால் வேறொன்றை எழுதி வைக்க எங்களுக்கு இடம் தேவைப்பட்டது. 'மாலை 6 மணிக்கு மேல் மட்டும் கூப்பிடவும்', 'வீட்டு எண்ணில் பேச வேண்டாம்', 'அக்கா எண்ணில் பேசி, தோழி என்று சொல்லவும்' என்பவை போன்ற குறிப்புகள். இவற்றுக்கென்று தனிக் கட்டம் இல்லை. யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது, நான் சேரும்போதே ஃபேக்ஸ் கட்டத்தில்தான் அதை எழுதினார்கள். புதிதாக வருபவருக்கு முதல் நாளே வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்போம். எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

மாற்றும் வேலையைச் செய்தவர்கள் கட்டங்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, எது புதியதற்குப் போக வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஃபேக்ஸை இந்தக் காலத்தில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பட்டியலை எங்களிடம் யாரும் காட்டவில்லை. புது சிஸ்டம் தொடங்கிய மூன்றாம் நாள், சேர்ந்து சில வாரமே ஆன ஒரு தம்பி திரையில் இருந்த எண்ணை அழைத்துவிட்டான். அது வீட்டு எண். அந்தப் பெண் எங்களிடம் வந்துபோவது அவருடைய வீட்டுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

பதிவுகளின் எண்ணிக்கை அன்று ஒன்றுகூடக் குறையவில்லை. பழையதில் எத்தனை பேரோ, புதியதிலும் அத்தனை பேர் இருந்தார்கள். அறிக்கையில் வெற்றி என்று எழுதினார்கள். பெரிய இடங்களிலும் இப்படி நடக்கிறது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது, தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. சிக்கல் வந்தது அதற்கப்புறம், புதிய அமைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியபோது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022இல் அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கிக்கு அபராதம் விதித்தன.

இரண்டாவது மாற்றம் சென்ற ஆண்டு நடந்தது. இம்முறை திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நான்கு மாதங்களுக்கு முன்பே எங்கள் பிரிவுக்கு வந்தார். இரண்டு நாள் எங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தார். மானிட்டரைச் சுற்றி ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் பழைய திரைகளைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதில் நிஜமாகவே என்ன எழுதுவீர்கள்?"

அந்தக் கேள்வியில் வெளியே வந்தவை கொஞ்சமல்ல. பிறந்த தேதி இல்லாமல் பதிவைச் சேமிக்க முடியாது என்பதால், தெரியாதவர்களுக்கெல்லாம் 01-01-1900 என்று போட்டு வைத்திருந்தோம். அதை அப்படியே கொண்டுபோனால் புது மென்பொருள் அவர்கள் எல்லோரையும் நூறு வயதைத் தாண்டியவர்களாகக் கணக்கிட்டு முதியோர் பட்டியலில் தள்ளியிருக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் நேரில் மட்டுமே பேச வேண்டியவர் என்று பொருள். ஒரே கைபேசி எண் இருந்தால் ஒரே ஆள்தான் என்று கருதி இரட்டைப் பதிவுகளைத் தானாகச் சேர்த்துவிடலாம் என்று மென்பொருளை விற்ற வெண்டர் சொன்னார். ஒரு அம்மாவும் மகளும் ஒரே கைபேசியை வைத்திருப்பதும், இருவரும் தனித்தனிப் பிரச்சினைக்காக எங்களிடம் வருவதும் பதிவு மேசையில் இருப்பவருக்குத்தான் தெரியும். சேர்க்கும் முன் ஒவ்வொன்றையும் நாங்கள் பார்த்தோம். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

பழைய விவரங்களை எக்செல் கோப்பில் வைத்துச் சுத்தம் செய்யும்போது எக்செல் பற்றியும் கற்றுக்கொண்டோம். எண்ணின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாக மாறிவிடும். பழைய வடிவக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமே இல்லை. 2020இல் இங்கிலாந்தில் 15,841 பேரின் கொரோனா தொற்று விவரம் சில நாள்கள் கணக்கில் வராமல் போனதற்கு இதுதான் காரணம். ஆகவே விவரங்களைத் திருத்தத் தரும் முன், எந்தக் கோப்பில், எந்த வடிவத்தில் என்பதை ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தோம்.

பயிற்சிக்கு வருகிறேன். முதல் முறை புது மென்பொருள் தொடங்குவதற்கு ஏழு வாரத்துக்கு முன்பு, நாற்பது பேரை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கத் திரையில் காட்டினார்கள். தொடங்கிய அன்று லாகின் எங்கே என்பதுகூடப் பாதிப் பேருக்கு நினைவில்லை. 1885இல் ஜெர்மானிய ஆய்வாளர் எபிங்ஹாஸ் தன் நினைவையே சோதித்து, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தால் ஒரு நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது என்று வெளியிட்டார். பொருளுள்ளவை இவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மைதான். ஆனால் கையில் பயன்படுத்தாத ஒரு திரையின் பொத்தான்கள் எங்களுக்கு அசைகளைவிட அதிகப் பொருள் தந்துவிடவில்லை.

இரண்டாம் முறை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், ஆறு ஆறு பேராக, அரை நாள் பயிற்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எங்கள் பதிவுகளைப் போன்றவற்றிலேயே பழகினோம் என்பதுதான். பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள், ஆனால் சிக்கலை மாற்றவில்லை. மூன்று முகவரி உள்ளவர், பாதியில் மூடிய வழக்கு, ஒரே குடும்பத்தில் நான்கு பதிவு எல்லாம் அப்படியே இருந்தன. மாதிரிக்கென்று செய்த சுத்தமான பதிவில் பழகினால் முதல் நாள் முதல் ஆளிடமே மாட்டிக்கொள்வோம். பயிற்சிப் பிரதியிலிருந்து குறுஞ்செய்தி வெளியே போகாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். அதையும் நாங்கள்தான் கேட்டு வாங்கினோம்.

எங்களுடன் ஓய்வை நெருங்கும் ஓர் அக்கா இருக்கிறார். முதல் முறை அவரை 'மாற முடியாதவர்' என்று எழுதிவைத்தார்கள். இந்த முறை அவருக்குத் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் முகம் சுளிக்காமல் பதில் வந்தது. இன்று அடுத்த பிரிவிலிருந்து சந்தேகம் கேட்டு அவரிடம்தான் வருகிறார்கள். அவருக்கு இருந்தது எதிர்ப்பு அல்ல. 30 ஆண்டுகள் தவறில்லாமல் செய்த வேலையில் எல்லோர் முன்னாலும் தடுமாறுவோமே என்ற பயம். கட்டுரை எழுதியவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் பழையதிலும் புதியதிலும் பதிவு செய்யச் சொன்னார்கள். என் அனுபவத்தில் அது தேவையற்ற சுமை. களைப்பில் இரண்டிலும் பிழை வந்தது, எது சரி என்று பார்க்க மூன்றாவதாகக் காகிதத்தைத் தேடினோம். பழையதைத் திறந்து பார்க்க மட்டும் வைத்திருந்தாலே போதும். இன்னொன்று, அதுவரை பொது லாகின் ஒன்றில் எல்லோரும் வேலை செய்தோம். புதியதில் ஆளுக்கொரு லாகின், யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்பது பதிவாகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் எங்களை வேவு பார்க்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. வருபவரின் ரகசியத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் எங்களில் ஒருவரும் மறுத்திருக்க மாட்டோம்.

புது மென்பொருள் வாங்கும் நிர்வாகங்களிடம் நான் கேட்பது நேரம். தொடங்கும் வாரத்தில் வழக்கமான வேலையில் மூன்றில் ஒரு பங்கையாவது குறையுங்கள், வருபவர்களிடமும் தாமதமாகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்பாக, தினமும் விவரம் ஏற்றும் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

எங்கள் புதிய திரையில் தொலைபேசி எண்ணுக்கு மேலேயே 'எப்போது, எந்த எண்ணில் பேசலாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது நிரம்பாமல் எண் திரையில் தெரியாது. முதல் மாற்றத்தில் விடுபட்ட ஃபேக்ஸ் குறிப்புகளைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, இன்னும் பொருந்துமா என்று சம்பந்தப்பட்டவர் நேரில் வரும்போது கேட்டு, ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இன்னும் அறுபது பேர் பாக்கி.

இப்படிக்கு,
பதிவுப் பிரிவு ஊழியர் ஒருவர்